சுடாத துப்பாக்கி யார் கணக்கில்?

2019 ஆகஸ்டில் பீகாரில் நடந்த ஒரு கூத்து உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். முன்னாள் முதல்வர் ஜெகந்நாத் மிஸ்ரா காலமானார். சுபௌல் மாவட்டத்தில் அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு. முதல்வர் நிதிஷ்குமாரும் வந்திருந்தார். போலீஸார் வரிசையாக நின்று துப்பாக்கிகளை வானத்தை நோக்கித் தூக்கி விசையை அழுத்தினார்கள். 22 துப்பாக்கிகள். ஒன்றுகூட வெடிக்கவில்லை.

ஊரே சிரித்தது. "துருப்பிடித்த துப்பாக்கி", "தொந்தி போலீஸ்", "இவங்களா திருடனைப் பிடிக்கப் போறாங்க" என்று இஷ்டத்துக்கு எழுதினார்கள். எனக்கும் முதலில் சிரிப்பு வந்தது. ஆனால் கொஞ்சம் யோசித்தால் அந்தச் சிரிப்பில் ஒரு ஓட்டை தெரியும். 22 துப்பாக்கிகள் ஒரே நிமிடத்தில் ஒன்றாகக் கெட்டுப்போகுமா? 22 பேரும் ஒரே நேரத்தில் ஒரே தப்பைச் செய்வார்களா? அந்த 22-க்கும் பொதுவான ஒரு விஷயம் இருக்கிறது: தோட்டா வந்த பெட்டி. மரியாதைக்குச் சுடுகிறபோது போடுவது வெற்றுத் தோட்டா, அதாவது குண்டு இல்லாமல் மருந்து மட்டும் அடைத்தது. என்னிடம் விசாரணையைக் கொடுத்திருந்தால் போலீஸ்காரர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தப் பெட்டியைத்தான் பார்த்திருப்பேன்.

பி.காம் படிக்கிற பையனுக்குத் துப்பாக்கியில் என்ன வேலை என்று கேட்பீர்கள். இரண்டு காரணம். ஒன்று, நான் என்.சி.சி-யில் இருந்தேன். இரண்டாவது, இது துப்பாக்கி விஷயம் மாதிரி தெரிந்தாலும் உண்மையில் கணக்கு விஷயம். எப்படி என்று சொல்கிறேன்.

காஸ்ட் அக்கவுண்டிங்கில் வேரியன்ஸ் என்று ஒரு பாடம் உண்டு. (பரீட்சைக்கு முந்தின ராத்திரி அழ வைக்கும் பாடம்.) இந்த மாதம் 10,000 ரூபாய் கூடுதல் செலவு என்றால் அதைப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. சரக்கின் விலை ஏறியதா, சரக்கு வீணானதா, ஆள் மெதுவாக வேலை செய்தாரா, மெஷின் சும்மா நின்றதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பிரிக்காமல் தொழிலாளியைத் திட்டுவது ரொம்ப சுலபம். ஆனால் அடுத்த மாதமும் அதே 10,000 வந்து நிற்கும்.

துப்பாக்கி சுடவில்லை என்றாலும் இதே கதைதான். சந்தேகப்பட நாலு பேர் உண்டு: பிடித்திருக்கும் ஆள், துப்பாக்கி, தோட்டா, அந்தத் தோட்டாவை வாங்கி வைத்திருந்து எடுத்துக் கொடுத்த ஆபீஸ். நாம் எப்போதும் இதே வரிசையில்தான் சந்தேகப்படுகிறோம். பாதி நேரம் முதல் ஆளோடு விசாரணை முடிந்துவிடும். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

அதற்கு முன்னால் பழைய ராணுவ ரைபிள் ஏன் மக்கர் செய்கிறது என்று பார்த்துவிடலாம். உதாரணத்துக்கு நமக்குத் தெரிந்த 'த்ரீ நாட் த்ரீ'. லீ என்ஃபீல்டு ரைபிள். பிரிட்டிஷ்காரன் கொண்டு வந்தது. கொல்கத்தா பக்கத்தில் இஷாப்பூரிலும் செய்தார்கள். 1962 சீனப் போரில் நம் சிப்பாய்கள் கையில் இருந்தது இதுதான். ராணுவம் விட்ட பிறகும் போலீஸ் விடவில்லை. உத்தரப் பிரதேச போலீஸ் இதற்கு விடை கொடுத்தது 2020 குடியரசு தின அணிவகுப்பில்தான்.

டிக் என்ற சத்தம்

முதல் வகைப் பிரச்சினை, விசையை அழுத்தினால் 'டிக்' என்று மட்டும் கேட்பது. இதுதான் மிஸ்ஃபயர்.

தோட்டாவின் பின்பக்கம் நடுவில் சின்ன வட்டமாக ஒன்று இருக்கும். பெயர் பிரைமர். தீபாவளிக்கு நாம் வெடிக்கிற பொட்டு வெடியின் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபயரிங் பின் அதில் ஓங்கிக் குத்தினால் பொறி கிளம்பி உள்ளே இருக்கும் மருந்து பற்றிக்கொள்ளும். 'டிக்' என்று மட்டும் கேட்டால் இந்தச் சங்கிலியில் எங்கோ அறுந்திருக்கிறது.

அப்போது செய்யக் கூடாத முதல் வேலை, "என்னடா இது" என்று துப்பாக்கியைத் திருப்பிப் பார்ப்பது. சில தோட்டாக்கள் கொஞ்சம் தாமதித்து வெடிக்கும். இதை ஹேங் ஃபயர் என்பார்கள். பழைய த்ரீ நாட் த்ரீ தோட்டாக்களில், முக்கியமாகப் பாகிஸ்தானில் தயாரான சிலவற்றில், இந்த வியாதி பிரசித்தம். அதனால் குழாயை இலக்கை நோக்கியே வைத்துக்கொண்டு குறைந்தது அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். போல்ட்டைத் திறப்பது அதற்கப்புறம்தான்.

வெளியே வந்த தோட்டாவின் பிரைமரில் ஒரு குழி இருக்கும். அந்தக் குழிதான் சாட்சி.

குழியே இல்லை என்றால் பின் உடைந்திருக்கலாம், இல்லை போல்ட் முழுசாக மூடியிருக்காது. குழி லேசாக இருந்தால் அடி பலமாக விழவில்லை: ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், பின் தேய்ந்திருக்கும், அல்லது வருஷக்கணக்காகப் பூசின கிரீஸ் போல்ட்டுக்குள் கெட்டியாகி பின்னைப் பிடித்து இழுத்திருக்கும். இன்னொன்றும் உண்டு. பழசாகித் தேய்ந்த துப்பாக்கியில் தோட்டாவுக்கு முன்னும் பின்னும் ஆட இடம் கிடைத்துவிடும். பின் குத்தினால் தோட்டா முன்னால் நழுவி அடியின் பாதியை வாங்கிக்கொள்ளும். இதெல்லாம் துப்பாக்கியின் குற்றம்.

குழி நன்றாக ஆழமாக விழுந்தும் வெடிக்கவில்லையா? அப்போது துப்பாக்கி தன் வேலையைச் செய்துவிட்டது. செத்தது தோட்டா. ஈரம் போயிருக்கும், எண்ணெய் கசிந்து உள்ளே போயிருக்கும், வெயிலில் தகரக் கொட்டகையில் வருஷக்கணக்கில் வெந்திருக்கும். அந்தக் காலத்து பிரைமர்களில் பாதரச ஃபல்மினேட் இருந்தது. சூடு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றுவிடும். சுருக்கமாகச் சொன்னால் நமத்துப் போன பட்டாசு.

உறுதிப்படுத்த வேண்டுமானால் ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். அதே துப்பாக்கியில் வேறு பெட்டித் தோட்டா போட்டுப் பார்ப்பது. அதே பெட்டித் தோட்டாவை வேறு துப்பாக்கியில் போட்டுப் பார்ப்பது. அவ்வளவுதான். இதற்கு எஞ்சினியரிங் படிக்க வேண்டியதில்லை.

ஏறாத தோட்டா, இறங்காத கேஸ்

இரண்டாவது வகை, தோட்டா மேகசினிலிருந்து சேம்பருக்குள் ஏறாமல் மக்கர் செய்வது.

த்ரீ நாட் த்ரீ தோட்டாவுக்கு அடியில் ஆணித்தலை மாதிரி வெளியே துருத்திய விளிம்பு உண்டு. லீ என்ஃபீல்டு மேகசினில் பத்துத் தோட்டா அடங்கும். ஐந்து ஐந்தாகக் கிளிப்பில் வைத்து இரண்டு தடவையில் அழுத்தி இறக்குவார்கள். மேலே இருக்கும் தோட்டாவின் விளிம்பு, கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போய்விட்டால் ஒன்றை ஒன்று கொக்கி போட்டுக்கொள்ளும். போல்ட் தள்ளும், மேல் தோட்டா நகராது, சிப்பாய் சபிப்பான்.

மேகசினின் வாய்ப்பகுதி வெறும் மெல்லிய தகடு. கீழே போட்டால் வளையும். வளைந்தால் தோட்டா மூக்கை எக்குத்தப்பாக நீட்டி இடிக்கும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்தாலும் இதே கதி. ஒவ்வொரு மேகசினையும் அதனதன் துப்பாக்கிக்குப் பொருத்திப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். ஆயுத அறையில் சுத்தம் செய்கிறேன் என்று எல்லாவற்றையும் கழற்றிக் குவித்துவிட்டு, கைக்கு வந்ததை மாட்டினால் கோயில் வாசலில் செருப்பு மாறின கதைதான். நடக்கலாம், ஆனால் கடிக்கும்.

மூன்றாவது, சுட்ட பிறகு காலி கேஸ் வெளியே வராமல் சிக்குவது. எவர்சில்வர் டம்ளர் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொண்டால் என்ன செய்வோம்? நேராக இழுத்தால் வராது. கொஞ்சம் திருகி இழுத்தால் வரும். லீ என்ஃபீல்டில் போல்ட் கைப்பிடியை முதலில் மேலே திருப்புகிறோமே, அந்தத் திருப்பல் இந்த வேலையையும் செய்கிறது. பித்தளைக் கேஸ் முதலில் அசைந்து கொடுக்கும், பிறகு இழுபடும். போதாததற்கு லீ என்ஃபீல்டின் சேம்பர் கொஞ்சம் தாராளமாகவே குடையப்பட்டது. சேறு, மணல், அளவில் கொஞ்சம் முன்பின்னான தோட்டா எல்லாவற்றையும் சகித்துக்கொள்ளும்.

பழைய பிரைமரில் இன்னொரு தொல்லை. அது எரிந்தால் உப்பு மாதிரி ஒரு படிவு மிஞ்சும். சமையலறை உப்பு மழைக்காலத்தில் நீர் கோக்குமே, அதே மாதிரி இதுவும் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். வெறும் எண்ணெய் துடைத்தால் உப்பு கரையாது. அதனால்தான் அந்தக் காலத்துச் சிப்பாய்கள் புனல் வைத்து கொதிக்கும் தண்ணீரைக் குழாய்க்குள் ஊற்றிக் கழுவினார்கள். கழுவாமல் விட்ட துப்பாக்கியின் சேம்பர் சொரசொரப்பாகிவிடும். அதற்குப் பிறகு எத்தனை புதுத் தோட்டா போட்டாலும் கேஸ் ஒட்டிக்கொள்ளும்.

புத்தம்புதுத் துப்பாக்கியின் கதை

"சரி, இவ்வளவு தொல்லை எதற்கு? பழசைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கினால் தீர்ந்தது" என்று நினைக்கிறீர்களா? எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். 2008 நவம்பர் 26 ராத்திரி மும்பை சி.எஸ்.டி. ரயில் நிலையத்தில் ஏ.கே. ரகத் துப்பாக்கிகளுக்கு எதிரே லத்தியும் த்ரீ நாட் த்ரீயும் நின்றதைப் பார்த்த பிறகு அந்தக் குரல் இன்னும் பலமானது. அது நியாயமான கோபம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் புதுத் துப்பாக்கி மட்டுமே மருந்து என்பவர்களுக்காக ஒரு பழைய கதை. நம் ஊர்க் கதை இல்லை, கனடாவுடையது.

சர் சார்லஸ் ராஸ் என்று ஒரு ஸ்காட்லாந்துப் பிரபு. துப்பாக்கிப் பைத்தியம். தென்னாப்பிரிக்காவில் போயர் போர் நடந்தபோது கனடாவுக்குத் தேவையான ரைபிள்களைப் பிரிட்டனால் கொடுக்க முடியவில்லை. "நானே செய்து தருகிறேன், உங்கள் நாட்டிலேயே" என்று ராஸ் வந்தார். 1903-ல் ஒப்பந்தம் ஆனது. கியூபெக் நகரத்தில் தொழிற்சாலை. சுதேசித் துப்பாக்கி என்றால் யாருக்குத்தான் பிடிக்காது?

அது போல்ட்டைத் திருப்ப வேண்டாத ரகம். நேராகப் பின்னால் இழு, நேராக முன்னால் தள்ளு. வேகம். துல்லியமோ அபாரம். இங்கிலாந்தில் பிஸ்லி சுடும் போட்டிகளில் பரிசுகளை வாரியது. ஆனால் ஆரம்பத்திலேயே ஒரு எச்சரிக்கை வந்தது. கனடாவின் குதிரைப் போலீஸிடம் கொடுத்துப் பார்த்தார்கள். போல்ட் கோளாறில் ஒருவருக்குக் கண் போயிற்று. அவர்கள் வேண்டாம் என்று பழைய துப்பாக்கிக்கே போய்விட்டார்கள். ராணுவம் மட்டும் விடவில்லை; திருத்தித் திருத்தி மூன்றாவது மாடல் வரை போனது. ராணுவ அமைச்சர் சாம் ஹியூஸுக்கு இந்தத் துப்பாக்கி மேல் சொந்தப் பிள்ளை மாதிரி பாசம்.

1915 ஏப்ரல், பெல்ஜியத்தில் ஈப்ர. ஜெர்மானியர்கள் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டார்கள். பக்கத்துப் படைகள் கலைந்து ஓட, கனடாக்காரர்கள் மூச்சுத் திணறிக்கொண்டே நின்றார்கள். எதிரி வரிசை வரிசையாக வருகிறான். கையில் ராஸ் ரைபிள். வேகமாகச் சுடச் சுட சூடேறி போல்ட் இறுகிக்கொண்டது. இழுத்தால் வரவில்லை. துப்பாக்கியைத் தரையில் ஊன்றி பூட்ஸ் காலால் உதைத்துத் திறந்தார்கள். மண்வெட்டிப் பிடியால் அடித்துத் திறந்தார்கள். செத்துக் கிடந்த பிரிட்டிஷ் சிப்பாய்களின் லீ என்ஃபீல்டுகளைப் பொறுக்கிக்கொண்டார்கள். பிழைத்து வந்த சுமார் 5,000 பேரில் 1,400-க்கும் அதிகமானவர்கள் ராஸை எறிந்துவிட்டு லீ என்ஃபீல்டோடு வந்தார்கள் என்று கணக்கு இருக்கிறது. கட்டளையில்லாமல் ராணுவ ஆயுதத்தை எறிவது சின்ன விஷயமில்லை.

யார் குற்றம்? இப்போது வேரியன்ஸ் போடுவோம்.

தோட்டா: கனடாவில் செய்த தோட்டாக்கள் அளவில் கச்சிதம், ராஸின் சேம்பரும் அதற்குத் தகுந்த இறுக்கம். பிரான்ஸ் போர்முனையில் கிடைத்ததோ போர் அவசரத்தில் பல தொழிற்சாலைகள் கொட்டிய பிரிட்டிஷ் தோட்டா. மயிரிழை அளவில் பெரிசும் சிறிசும் கலந்திருந்தது. தாராளமான லீ என்ஃபீல்டு அதை விழுங்கிவிட்டது. ராஸுக்குத் தொண்டையில் சிக்கியது.

துப்பாக்கி: நேராக இழுக்கிற வகை என்பதால் டம்ளரைத் திருகுகிற அந்தப் பலம் கைக்குக் கிடைக்கவில்லை. அதோடு போல்ட் பின்னால் வரும்போது தடுத்து நிறுத்தும் ஒரு சின்ன இரும்புத் துண்டு உண்டு. ஒவ்வொரு முறையும் போல்ட்டின் பூட்டு மரை அதன் மேல் போய் மோதும். மோதி மோதி மரை நசுங்கியது. நசுங்கிய மரை அடுத்த தடவை பூட்டுக்குள் போக அடம் பிடித்தது. சிக்கியதே என்று சிப்பாய் காலால் உதைக்க, மோதல் இன்னும் பலமாகி மரை இன்னும் நசுங்கியது.

ஆள்: அவன் செய்த குற்றம் சேற்றில் நின்றதும் உயிர் பிழைக்க வேகமாகச் சுட்டதும்தான்.

ஹியூஸ் என்ன சொன்னார் தெரியுமா? துப்பாக்கி அருமை, தோட்டாதான் மோசம். இதில் பாதி உண்மை இருப்பதுதான் வேடிக்கை. தோட்டாவில் நிஜமாகவே கோளாறு இருந்தது. ஆனால் ராணுவத் துப்பாக்கி என்பது ராணுவத்துக்குக் கிடைக்கிற தோட்டாவைச் சுட வேண்டும். பொறுக்கி எடுத்த தோட்டாவோடு, துடைத்து வைத்துக்கொண்டு சுட்டால் ராஸ் தங்கம்தான். கனடாவின் ஸ்னைப்பர்கள் கடைசி வரை அதை விரும்பி வைத்திருந்தார்கள். வாங்கும்போது ஆபீஸ் போட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தத் துப்பாக்கியும் அந்தத் தோட்டாவும் சேற்றில் சேர்ந்து வேலை செய்யுமா? அந்தச் சோதனையை ஈப்ரவில் சிப்பாய்கள் உயிரைக் கொடுத்துச் செய்தார்கள்.

பிறகு நடந்தது இன்னும் மோசம். 1915 ஜூனில் முதல் டிவிஷனுக்கு லீ என்ஃபீல்டு கொடுத்தார்கள். ஆனால் பின்னால் வந்த டிவிஷன்களுக்கு மாற்ற 1916 ஆகிவிட்டது. ஒரு வருஷம்! அந்த இடைவெளியில் துப்பாக்கியைக் குறை சொன்ன தளபதி ஆல்டர்சன் கனடாப் படையின் தலைமையிலிருந்து நகர்த்தப்பட்டார். ஹியூஸ் பதவி இழந்தது 1916 நவம்பரில். 1917-ல் அரசே தொழிற்சாலையை எடுத்துக்கொண்டது. சேம்பரைக் கொஞ்சம் குடைந்து பெரிதாக்கி, அந்த இரும்புத் துண்டையும் பெரிதாக்கியதில் கோளாறு பெருமளவு சரியாகத்தான் செய்தது. ஆனால் சிப்பாயின் நம்பிக்கை போனது போனதுதான்.

இது ஒரு தடவை நடந்த கதையும் இல்லை. வியட்நாமில் அமெரிக்காவின் எம்-16 சிக்கிச் சிக்கிச் சிப்பாய்கள் செத்தபோது, "ஒழுங்காகச் சுத்தம் செய்யவில்லை" என்று அவர்கள் தலையில்தான் முதலில் பழி விழுந்தது. 1967-ல் நாடாளுமன்றத்தின் இக்கார்டு குழு விசாரித்தபோது வேறு விஷயங்கள் வெளியே வந்தன. தோட்டாவின் மருந்தை மாற்றியிருந்தார்கள். சேம்பருக்குக் குரோம் பூச்சு இல்லை. சுத்தம் செய்யத் தேவையான சாமான்களே போதுமான அளவு போய்ச் சேரவில்லை. துடைப்பத்தைக் கொடுக்காமல் வீடு குப்பை என்று திட்டின மாதிரி.

ராஸும் எம்-16-உம் போர்முனைக்குப் போனபோது புதுசு. ஆகவே வயசு மட்டும் காரணமில்லை.

எண்ணிக்கை சரி, காரணம்?

இப்போது நம் ஊருக்கு வருவோம். என்.சி.சி. கேம்பில் .22 ரைபிள் சுடும்போது கவனித்த ஒரு விஷயம். சுட்டு முடித்ததும் காலி கேஸ்களை எண்ணி ஒப்படைக்க வேண்டும். ஒன்று குறைந்தால் மொத்தப் படையும் புல்லில் குனிந்து தேடும். வெயில், பசி எதுவும் எடுபடாது. மிஸ்ஃபயர் ஆனதைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு அதையும் எண்ணுவார்கள். கொடுத்தது இத்தனை, காலி இத்தனை, மிஸ்ஃபயர் இத்தனை, கூட்டினால் சரி. கையெழுத்து. ஏன் மிஸ்ஃபயர் ஆனது, எந்தப் பெட்டி, எந்த வருஷம் என்று யாராவது கேட்டு நான் பார்த்ததில்லை.

அந்த எண்ணிக்கையை நான் கிண்டல் செய்யவில்லை. ஒரு தோட்டா வெளியே போனால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தக் கணக்கு ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது: தோட்டா இருக்கிறதா, திருடு போனதா? அது சுடுமா என்ற கேள்விக்கு அந்த நோட்டில் பத்தியே இல்லை.

காமர்ஸ் பசங்களுக்கு இது உடனே புரியும். கம்பெனிக் கணக்கில் சரக்கு கெட்டுப்போனால் அதன் மதிப்பைக் குறைத்துக் காட்டியே ஆக வேண்டும். விற்காத பிஸ்கட்டை வாங்கின விலைக்கே காட்டினால் ஆடிட்டர் விடமாட்டார். நம் அரசாங்கக் கணக்கோ ரொக்க அடிப்படை. வாங்கின வருஷம் செலவு எழுதியாயிற்று, முடிந்தது. அதற்குப் பிறகு தோட்டா என்பது இருப்புப் பதிவேட்டில் ஒரு எண். 5,000 என்றால் 5,000. இருபது வருஷம் கழித்து அதில் பாதி நமத்திருந்தாலும் அதே 5,000.

இதில் உள்ள முரணைப் பாருங்கள். அறுபது வருஷத்துத் துப்பாக்கியை எல்லோரும் பூஜ்யம் என்கிறார்கள். ஒழுங்காகத் துடைத்தால் அது சுடும். பதிவேட்டில் முழுசாக நிற்கிற தோட்டா சுடாது. நாம் திட்டுவது துப்பாக்கியை.

இதற்குப் பெரிய பட்ஜெட் வேண்டாம். ஃபர்ஸ்ட் இன் ஃபர்ஸ்ட் அவுட் என்று முதல் வருஷமே படிக்கிறோமே, அது போதும். மளிகைக் கடை அண்ணாச்சி பழைய மூட்டையை முன்னால் இழுத்து வைத்து முதலில் விற்பார். அதே மாதிரி பழைய தோட்டாவைப் பயிற்சிக்குக் கொடுத்துத் தீர்க்க வேண்டும். "மிச்சப்படுத்துகிறோம்" என்று பயிற்சியைக் குறைத்தால் என்ன ஆகும்? பழசு அடியிலேயே தங்கும். போலீஸ்காரருக்குக் கையும் பழகாது. கிளிப்பில் விளிம்பு மாறி வைப்பது, தோட்டாவில் எண்ணெய் தடவி வைப்பது போன்ற நிஜமான ஆள் தவறுகளும் பயிற்சி இல்லாததால் வருபவைதான். ஆக மிச்சம் பிடித்த அந்தப் பணமே இரண்டு பக்கமும் வெட்டுகிறது.

இரண்டாவது, பதிவேட்டில் ஒரு பத்தி சேர்க்க வேண்டும். தோட்டாவின் பின்பக்கத்திலேயே தொழிற்சாலைக் குறியும் ஆண்டும் பொறித்திருக்கும். எந்தப் பெட்டியில் எத்தனை சுட்டது, எத்தனை டிக் என்றது என்று எழுதினால் ஒரே வருஷத்தில் எந்தப் பெட்டி மோசம் என்று தெரிந்துவிடும். மூன்றாவது, முக்கியமான காரியத்துக்கு எடுத்துப் போவதற்கு முன்னால் அந்தப் பெட்டியிலிருந்து இருபதைச் சுட்டுப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் சோதிக்க முடியாது, தீப்பெட்டியில் எல்லாக் குச்சியையும் உரசிப் பார்த்துவிட்டு "நல்ல தீப்பெட்டிதான்" என்று சொன்னவன் கதையாகிவிடும் :-) சாம்பிள் போதும். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பரைப் பயன்படுத்த இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

இறுதி மரியாதையில் வெடிக்கவில்லை என்றால் அவமானத்தோடு போய்விடும். ராத்திரி ரோந்தில், காட்டில், ரயில் நிலையத்தில் வெடிக்கவில்லை என்றால் அந்தக் கான்ஸ்டபிள் வீடு திரும்பமாட்டார். அவர் பயந்தாங்கொள்ளி என்று நாம் எழுதிக்கொண்டிருப்போம். பிரைமரில் ஆழமாக ஒரு குழி விழுந்திருக்கும். அவர் விசையை அழுத்தினார் என்பதற்கும், துப்பாக்கி ஓங்கி அடித்தது என்பதற்கும் அதுதான் ரசீது. அந்த ரசீதை யாராவது எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

போலீஸிலோ ராணுவத்திலோ இருப்பவர்கள், இருந்தவர்கள் யாராவது படித்தால் உங்கள் இடத்தில் தோட்டாக் கணக்கு எப்படி இருந்தது என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். "காமர்ஸ்காரனுக்கு என்ன தெரியும்" என்று திட்டுபவர்களும் வரலாம். ஆனால் காரணத்தைப் பிரித்து வைத்துத் திட்டுங்கள்.